மேலொருவர் இல்லாதவர்

"தலாய் லாமா" என்னும் பெயர் நம் நாட்டுப் பத்திரிகைகளுக்குப் புதிதன்று. 1959-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ஆம் தேதி அவர் நமது எல்லைக்குள் அடைக்கலம் புகுந்தது முதல் அப்பெயர் அச்சேறாத நாட்கள் சிலவே. ஆயினும் அதன் பொருள் யாதென்று விசாரித்தால் கிடைக்கும் விடைகள் விசித்திரமானவை. தமிழர்களில் சிலர் அதைத் "தலை லாமா" என்றே எழுதி, லாமாக்களுக்கெல்லாம் தலைவர் என்று அர்த்தம் செய்துகொள்கின்றனர். இங்கிலீஷ் பத்திரிகைகளைப் படிப்பவர்கள் "ஞானக் கடல்" என்கின்றனர். சீனருடைய வழக்கைப் பின்பற்றுவோர் "உயிருள்ள புத்தர்" என்கின்றனர். மூன்றும் தவறு.

ஒரு சொல்லின் அர்த்தத்தைப் பற்றிய தவறுதான் என்றால் அதைப் பண்டிதர்களுக்கு விட்டுவிட்டு நாம் வேறு காரியத்தைப் பார்க்கலாம். ஆனால் இச்சொல்லின் மீது இன்று ஒரு பெரிய வழக்கு நடந்து வருகிறது. அப்பட்டத்தை இனித் தரிப்பவர் யாரென்று தீர்மானிக்கும் உரிமை தனக்கே உண்டென்று பீகிங் அரசாங்கம் சாதிக்கிறது. தன் வாதத்துக்கு ஆதாரமாக, முற்காலத்துச் சக்கரவர்த்திகள் கொடுத்த பட்டங்களையும் முத்திரைகளையும் எடுத்துக் காட்டுகிறது. ஆகவே பட்டத்தின் பிறப்பை ஆராய்வது வீண் வேலையாகாது. பத்திரம் ஒன்றை ஆதாரமாகக் காட்டுகிறவனை, அப்பத்திரத்தை உரக்கப் படிக்கச் சொல்வது நியாயஸ்தல வழக்கம். அதையே நாமும் செய்வோம்.

முதலில் லாமா என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கி.பி. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் நம் தேசத்துப் பௌத்த நூல்களைத் திபேத்தியர் தங்கள் பாஷையில் பெயர்க்கத் தொடங்கினர். நாலந்தாவிலிருந்து சென்ற சாந்தரக்ஷிதர் முதலிய ஆசாரியர்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். அம்மொழிபெயர்ப்பாளர் செய்த வேலையின் நுட்பம் வியக்கத்தக்கது. சம்ஸ்கிருதத்தில் "குரு" என்ற சொல்லுக்குக் கனமானவர் என்பது நேர்ப்பொருள். அறிவாலும் ஒழுக்கத்தாலும் கனத்தவர் என்பது கருத்து. திபேத்திய பாஷையில் கனத்தைக் குறிக்கும் சொல் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் அதைத் தொடவில்லை. உயரத்தைக் குறிக்கும் "ப்ல" என்ற சொல்லை எடுத்து, "ப்லமா" என்று பெயர்த்தார்கள். எழுத்தில் முன் நிற்கும் பகரம் உச்சரிப்பில் மறைந்து லாமா ஆயிற்று.

இதன் ஈற்றில் நிற்கும் "மா" என்பதைப் பற்றித் திபேத்தியரிடையே பல விளக்கங்கள் உண்டு. அது இன்மைப் பொருளைத் தருவது, ஆகையால் "தமக்கு மேல் ஒருவர் இல்லாதவர்" என்று பொருள் என்பர் சிலர். அது தாயைக் குறிப்பது, ஆகையால் எல்லா உயிர்களிடத்தும் தாயன்பு பூண்ட உயர்ந்தோர் என்பர் வேறு சிலர். இலக்கணக்காரர் அது வெறும் பெயர் விகுதி என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவர். "ப்ல" என்பதற்கே உயிர்ச்சக்தி என்ற பொருளும் அந்த பாஷையில் உண்டு. இவற்றுள் எது சரி என்று நாம் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. ஒன்று மாத்திரம் கவனிக்கத்தக்கது. பெரியோரைக் குறிக்க வடமொழி கனத்தைப் பார்த்தது. திபேத்தியம் உயரத்தைப் பார்த்தது. தமிழோ "அடிகள்" என்று காலைப் பார்த்தது. மணிமேகலையில் வரும் பௌத்த முனிவருக்கு அறவண அடிகள் என்றே பெயர்.

திபேத்தில் காவி தரித்தவர் எல்லாரும் லாமா ஆகிவிடமாட்டார். மடத்தில் வாழும் சாதாரணத் துறவியை அங்கே "திராபா" என்பர். முழுத் தீக்ஷை பெற்ற பிக்ஷுவை "கெலோங்" என்பர். லாமா என்பது போதிக்கும் ஆசாரியருக்கு மாத்திரமே உரிய பெயர். லடாக்கிலும் நேபாளத்திலும் இவ்வரையறை தளர்ந்துவிட்டது; நேபாளத்துத் தமாங் வகுப்பாரிடையே லாமா என்பது குடும்பப் பெயராகவே வழங்குகிறது. இதில் கெடுதலில்லை. கெடுதல் செய்தவர் ஐரோப்பியர். அவர்கள் திபேத்திய மதத்துக்கே "லாமா மதம்" என்று பெயர் சூட்டினார்கள். 1895-இல் வாடெல் என்னும் பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர் எழுதிய பெரிய புத்தகம் தன் தலைப்பிலேயே அப்பெயரைத் தாங்கி வெளிவந்தது. புத்தருடைய தர்மத்துக்கும் திபேத்தியருக்கும் சம்பந்தமில்லை, அவர்கள் தங்கள் குருமாரைத் தொழும் ஒரு தனிக் கூட்டத்தார் என்ற எண்ணத்தை அப்பெயர் உலகெங்கும் பரப்பிவிட்டது. திபேத்தியர் தம்மை "நங்பா" என்று அழைத்துக்கொள்கின்றனர். உள்ளே நாடுகிறவர் என்பது அதன் பொருள். தங்கள் தர்மம் நாலந்தாவிலிருந்து வந்தது என்பதை அவர்கள் ஒரு நாளும் மறந்ததில்லை, மறந்தது நாம்தான்.

நிற்க. "தலாய்" என்பது திபேத்தியச் சொல்லே அன்று. அது மங்கோலிய பாஷையில் சமுத்திரத்தைக் குறிப்பது. மங்கோலிய அரசர்கள் அச்சொல்லைத் தங்கள் ஆதிக்கத்தின் பரப்பைக் காட்டவும் பயன்படுத்தினர். 1246-இல் செங்கிஸ்கானின் பேரன் குயுக்கான், ரோமாபுரியின் போப்பாகிய நான்காம் இன்னஸண்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினான். பாரசீக பாஷையில் எழுதப்பட்ட அக்கடிதம் இன்றும் வாத்திகன் பண்டாரத்தில் இருக்கிறது. அதன்மேல் பதித்த மங்கோலிய முத்திரையில் அவன் தன்னைச் சமுத்திரம்போல் பரந்த கான் என்று கூறிக்கொள்கிறான். போப்பையும் ஐரோப்பிய அரசர்களையும் நேரில் வந்து பணியும்படி கட்டளையிடும் கடிதம் அது. அகந்தையின் முத்திரையில் இருந்த சொல் முந்நூற்றுச் சொச்சம் வருஷங்களுக்குப் பின் ஒரு துறவியின் பெயரில் வந்து அமர்ந்தது.

அது நேர்ந்தது 1578-இல். தூமத் மங்கோலியரின் அதிபதியான அல்தான் கான், கோகோநோர் ஏரிப் பிரதேசத்தில், திபேத்தின் கெலுக் சம்பிரதாயத்துத் தலைவரான ஸோனாம் கியாத்ஸோவைச் சந்தித்து உபதேசம் பெற்றான். ஸோனாம் என்றால் புண்ணியம். கியாத்ஸோ என்றால் கடல். புண்ணியசாகரர் என்று நாம் சொல்லலாம். கடல் என்ற பொருளுடைய அவர் பெயரைக் கான் தன் பாஷையில் "தலாய்" என்று சொல்லி, "வஜ்ரதர" என்ற வடசொல்லையும் சேர்த்துப் பட்டமாக அளித்தான். ஆகவே பட்டம் என்று பெரிதாகப் பேசப்படுவது, பெரும்பகுதியும் அவர் பெயரின் மொழிபெயர்ப்பே! ஞானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "ஞானக் கடல்" என்ற மொழிபெயர்ப்பு ஒரு தவறான எண்ணத்தால் வந்தது என்று இப்போதைய தலாய் லாமாவே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அன்று பட்டம் ஒரு பக்கமாக மாத்திரம் செல்லவில்லை என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும். கான் குருவுக்குப் பட்டம் கொடுத்தான். குருவும் கானுக்குத் "தர்மராஜா, பிரம்மதேவன்" என்ற கருத்துடைய பட்டம் கொடுத்தார். முன்னொரு காலத்தில் குப்ளாய் கானுக்கும் பாக்பா என்னும் திபேத்திய ஆசாரியருக்கும் இருந்த குரு–யஜமான் உறவை இருவரும் புதுப்பித்துக்கொண்டனர். இவ்வுறவில் எவன் பெரியவன், எவன் சிறியவன் என்று கேட்பது, தக்ஷிணை கொடுத்தவன் புரோகிதருக்கு எஜமானனா என்று கேட்பது போன்றது. ஸோனாம் கியாத்ஸோவுக்கு முன்னிருந்த இருவருக்கும் அப்பெயரைப் பின்னோக்கி வழங்கினர். ஆதலால் பட்டம் பெற்ற முதல்வர் மூன்றாவது தலாய் லாமா ஆனார். முதல்வராகக் கருதப்படும் கெண்டுன் துருப் என்பவர் 1474-இலேயே காலமாகிவிட்டார். பட்டம் கொடுத்த கான் அப்போது பிறக்கவே இல்லை. பட்டத்தால் பரம்பரை தோன்றவில்லை, இருந்த பரம்பரைக்குத்தான் பட்டம் ஏற்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

ஐந்தாவது தலாய் லாமா காலத்தில், 1642-இல், குஷ்ரி கான் என்னும் வேறொரு மங்கோலிய அதிபதியின் துணையால் திபேத்தின் ராஜ்யாதிகாரமும் அவ்வாசனத்தைச் சேர்ந்தது. 1653-இல் அவர் பீகிங் சென்று திரும்பும்போது மஞ்சூ சக்கரவர்த்தி ஒரு நீண்ட பட்டம் பொறித்த பொன் முத்திரையை அனுப்பினான். மங்கோலியரின் தலாய், திபேத்தியரின் லாமா, நம்முடைய வஜ்ரதர ஆகிய மூன்றும் அதில் சீன எழுத்தில் ஒலிபெயர்த்து அடுக்கப்பட்டிருந்தன. இதுவே இன்று பீகிங் அரசாங்கத்தார் காட்டும் முதல் தஸ்தாவேஜு.

இங்கே பாஷை ஆராய்ச்சியில் பற்றுள்ளவர்களுக்காகச் சிறிது வழி விலகுகிறோம். தலாய் லாமாவுக்கு அடுத்தபடி மதிக்கப்படுபவர் பஞ்சேன் லாமா. நம் "பண்டித" என்ற சொல்லின் முதலெழுத்தும், பெருமையைக் குறிக்கும் "சென்போ" என்ற திபேத்தியச் சொல்லின் தலையும் சேர்ந்ததே பஞ்சேன். மகாபண்டிதர் என்பது பொருள். 1713-இல் காங்ஷி சக்கரவர்த்தி அதனோடு "எர்தெனி" என்ற மங்கோலியச் சொல்லைக் கூட்டினான். இந்த எர்தெனி வேறொன்றுமில்லை, நம் "ரத்தினம்"தான்! ஸோக்தியர், உய்கூர்கள் வழியாக மங்கோலியாவை எட்டுவதற்குள் இவ்வுருவம் அடைந்துவிட்டது. ரகரத்தில் சொல்லைத் தொடங்குவது மங்கோலிய நாவுக்கு ஒவ்வாது. ஆகவே முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்தனர். தமிழிலும் ரகரம் மொழிக்கு முதலில் வாராது. நம் முன்னோரும் அதே சொல்லை "அரதனம்" என்றனர். இமயத்துக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே கல்லுக்கு ஒரே விதமாகச் சாணை பிடித்திருக்கிறார்கள். அதே ரத்தினத்தைத் திபேத்தியர் ஒலியை விட்டுப் பொருளைக் கொண்டு பெயர்த்து "ரின்போச்சே" என்றனர்.

உயிருள்ள புத்தர் என்பது எங்கிருந்து வந்தது? பெரியோர் இறந்தபின் உலக நன்மைக்காக மறுபடியும் பிறப்பர் என்பது திபேத்தியர் நம்பிக்கை. கர்மபா என்னும் ஆசாரியர்கள் பரம்பரையில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இம்முறை தொடங்கிவிட்டது. அவ்வாறு பிறந்தவரை "துல்கு" என்பர். வடமொழியில் "நிர்மாணகாயம்" என்று சொல்லப்படும் தோற்ற உடல் என்பதன் மொழிபெயர்ப்பு அது. சீனர் இந்தச் சூக்ஷ்மத்தைக் கைவிட்டு "உயிருள்ள புத்தர்" என்று அழைத்தார்கள். தெய்வம் என்று உயர்த்துவது போல் தோன்றும் இப்பெயர் உண்மையில் பரிகாசத்துக்கு இடம் கொடுப்பது. தம்மை ஒரு சாதாரண பிக்ஷு என்றே தலாய் லாமா ஓயாமல் சொல்லிவந்திருக்கிறார்.

திபேத்தியர் தமக்குள் பேசும்போது தலாய் லாமா என்ற பெயரையே அதிகமாக எடுப்பதில்லை. "கியல்வா ரின்போச்சே" என்பர், "குண்டுன்" என்பர். கியல்வா என்பது ஜயித்தவர், அதாவது "ஜின" என்ற வடசொல்லின் மொழிபெயர்ப்பு. அமரகோசம் புத்தருக்குக் கூறும் பெயர்களுள் அதுவும் ஒன்று. குண்டுன் என்றால் எதிரே வீற்றிருப்பவர். இப்பெயர்களை எந்தக் கானும் கொடுக்கவில்லை. எந்தச் சக்கரவர்த்தியும் முத்திரையிடவில்லை.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். பீகிங்கில் யூங்-ஹோ-குங் என்னும் ஆலயத்தில் ஒரு கல் நிற்கிறது. 1792-இல் சியன்லுங் சக்கரவர்த்தி "லாமாக்களைப் பற்றி" என்ற தலைப்பில் எழுதிய பிரகடனம் அதில் மஞ்சூ, சீனம், மங்கோலியம், திபேத்தியம் என்னும் நான்கு பாஷைகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சக்கரவர்த்தி அதில் இலக்கண ஆசிரியராகிறான். "லா" என்றால் மேல், "மா" என்றால் இல்லை, ஆகவே லாமா என்றால் மேலில்லாதவர் என்று அவனே பொருள் சொல்கிறான். அதே கல்லில், இம்மதத்தைத் தான் ஆதரிப்பது மங்கோலியரை அமைதியாக வைத்திருப்பதற்காகவே என்றும் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறான். மறு வருஷம் திபேத்துக்கு அவன் பிறப்பித்த சட்டம் என்ன? மேலில்லாதவர் யாரென்பதை, சக்கரவர்த்தி அனுப்பிய பொற்குடத்தில் பெயர்ச் சீட்டுகளை இட்டு, அவனுடைய பிரதிநிதியின் முன்னிலையில் எடுக்க வேண்டும்! நம் உத்தரமேரூர்க் கல்வெட்டிலும் குடவோலை உண்டு. ஆனால் அங்கே குடமும் ஊராருடையது, ஓலையும் ஊராருடையது.

சியன்லுங்கின் புகாரில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பெரிய மடங்களின் மறுபிறவிகள் ஒரே குடும்பங்களில் அடுத்தடுத்துப் பிறந்து, துறவு ஸ்தானம் வமிச சொத்தாக மாறிவந்தது என்று அவன் குறை கூறினான். அதற்கு இடமிருந்தது. கூர்க்காக்கள் திபேத்தின்மேல் படையெடுத்தபோது அவர்களை விரட்டியதும் அவன் சைன்யமே. பதினோராவது, பன்னிரண்டாவது தலாய் லாமாக்கள் பொற்குட முறைப்படியே எடுக்கப்பட்டனர் என்பதும் மெய். ஆனால் ஒன்பதாவது, பதின்மூன்றாவது, பதினான்காவது தலாய் லாமாக்களுக்குக் குடம் பயன்படவில்லை. சில சமயம் அநுசரித்தும் சில சமயம் விட்டும் வந்த ஒரு முறை, மீறமுடியாத சட்டம் ஆகாது. அதைவிட முக்கியமானது வேறொன்று. தன்னிடம் இல்லாததை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க முடியாது என்பது சட்டத்தின் பாலபாடம். சக்கரவர்த்தியிடம் கியாத்ஸோவின் தவமும் இல்லை, குருபரம்பரையும் இல்லை. பொன் இருந்தது, பொன்னைக் கொடுத்தான். பொன்னைத் திருப்பிக் கேட்டாலும் கேட்கலாம்.

பட்டத்தைப் பறிக்கும் விளையாட்டும் நடந்தது. 1904-இல் யங்ஹஸ்பண்டின் பிரிட்டிஷ் சைன்யம் லாஸாவில் புகுந்தபோது பதின்மூன்றாவது தலாய் லாமா மங்கோலியாவுக்குச் சென்றார். மஞ்சூ அரசாங்கம் அவருடைய பட்டத்தை நிறுத்தி வைத்தது. 1908-இல் அவர் பீகிங் சென்றபோது "உண்மையாகக் கீழ்ப்படியும்" என்ற அடைமொழியை முன்னால் ஒட்டித் திருப்பிக் கொடுத்தது. 1910-இல் சீனப் படை லாஸாவில் நுழைய, அவர் நம் தேசத்துக்கு வந்தார். உடனே பட்டம் மறுபடியும் பறிக்கப்பட்டது. திபேத்தியர் யாரும் அவரைத் தலாய் லாமா அல்ல என்று கருதியதாகத் தெரியவில்லை. மஞ்சூ வமிசம் வீழ்ந்தபின், சீனக் குடியரசின் அதிபர் யுவான் ஷி-காய் பழைய பதவியைத் திருப்பித் தந்துவிட்டதாகத் தந்தி அடித்தார். தாம் சீன அரசாங்கத்திடம் எந்தப் பதவியையும் கேட்கவில்லை, திபேத்தின் ராஜ்யத்தையும் மதத்தையும் தாமே நடத்த உத்தேசித்திருப்பதாக அவர் பதில் அனுப்பினார் என்று சர் சார்லஸ் பெல் எழுதியிருக்கிறார். 1913-இல் லாஸாவிலிருந்து வெளியிட்ட பிரகடனத்தில், தம் பட்டம் இந்திய தேசத்திலிருந்து புத்தபகவானுடைய ஆணையால் வந்தது என்று அவர் கூறிக்கொண்டார். சரித்திரக்காரர் இதைக் கேட்டுப் புன்னகை செய்யலாம். தலாய் என்ற சொல் மங்கோலியாவிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனால் பட்டத்தின் வேரை எங்கே தேட வேண்டும், எங்கே தேடக்கூடாது என்பதை அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

நமக்கு இது புரியாத விஷயமன்று. சர் பட்டத்தை 1918-இல் எஸ். சுப்பிரமணிய அய்யர் துறந்தார். பஞ்சாப் படுகொலைக்குப் பின் 1919-இல் ரவீந்திரநாதர் துறந்தார். அதனால் ஒருவருக்கும் ஒரு குன்றிமணி எடை குறையவில்லை. ராஜாங்கம் பட்டங்கள் வழங்கலாகாது என்று நம் அரசியல் சட்டத்தின் 18-வது ஷரத்திலேயே எழுதி வைத்தோம்.

பீகிங்கின் இப்போதைய ஆட்சியாளர் மதத்தில் நம்பிக்கையில்லை என்று பகிரங்கமாகச் சொல்லும் கட்சியினர். மறுபிறவியை நம்பாதவர்கள் மறுபிறவிக்கு லைசென்ஸ் கொடுக்கிறார்கள்! 1995-ஆம் வருஷம் மே மாதம் பஞ்சேன் லாமாவின் மறுபிறவியென்று தலாய் லாமா ஒரு சிறுவனை அறிவித்தார். ஆறே வயதான அச்சிறுவனைச் சில தினங்களுக்குள் சீன அதிகாரிகள் பெற்றோருடன் அழைத்துச் சென்றனர். அதன் பிறகு வெளியுலகம் அவனைக் கண்டதில்லை. நவம்பரில் பொற்குடத்தை எடுத்து வேறொரு சிறுவனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2007 செப்டம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த உத்தரவின்படி, அரசாங்கத்தின் அனுமதியின்றி எந்தத் துல்குவும் துல்கு ஆகமாட்டார்.

2011-இல் தலாய் லாமா தமது ராஜ்யாதிகாரம் முழுவதையும், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரிடம் ஒப்படைத்தார். 1642 முதல் அவ்வாசனத்தோடு ஒட்டியிருந்த அதிகாரத்தைத் தாமாகவே கழற்றி வைத்தார். மிஞ்சியது குரு ஸ்தானம் ஒன்றே, லாமா என்ற சொல்லின் ஆதிப்பொருள். 2025 ஜூலை 2-ஆம் தேதி, தமது தொண்ணூறாவது பிறந்த நாளுக்கு நான்கு தினங்கள் முன்பு, இப்பரம்பரை தொடருமென்றும், அடுத்தவரைக் கண்டறியும் அதிகாரம் தாம் ஏற்படுத்திய காதென் போட்ராங் டிரஸ்டுக்கே உரியதென்றும் அறிவித்தார். பீகிங் அன்றே மறுப்புக் கூறியது. பொற்குடத்தை மறுபடியும் எடுத்துக் காட்டியது.

நம் அரசாங்கத்தார் செய்தது என்ன? அந்த ஜூலை 4-ஆம் தேதி, மத நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் பற்றி இந்திய அரசாங்கம் எந்த நிலையும் எடுப்பதில்லை என்று வெளிவிவகார இலாகா சொல்லி ஒதுங்கிக்கொண்டது. இது சாமர்த்தியமான பதில். போதுமான பதில் அன்று. மதத்தில் அரசாங்கம் தலையிடாது என்றால், அந்நிய அரசாங்கத்தின் தலையீட்டால் வந்த பட்டத்தையும் அங்கீகரிக்காது என்று பொருள்பட வேண்டுமல்லவா? தம் வாரிசு சீன ஆதிக்கத்துக்கு வெளியே, சுதந்திர உலகில் பிறப்பார் என்று தலாய் லாமா 2025-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். அக்குழந்தை நம் மண்ணிலேயே பிறக்கலாம். பீகிங்கும் தன் பங்குக்கு ஒரு குழந்தையை நிறுத்தும். 1995-இல் செய்ததை மறுபடி செய்யாது என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. திபேத்திய மடங்கள் யாரைத் தலாய் லாமா என்று வணங்குகின்றனவோ அவரையே இந்தியாவும் அப்பெயரால் அழைக்கும் என்று, காலம் கடந்து போகுமுன் பார்லிமெண்டில் எழுந்து நின்று இரண்டு வாக்கியங்களில் சொல்லலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. ஒரு காசு செலவுமில்லை.